பாறை ஓரத்துத் தண்ணீர்

மலைக்காட்டு ஓடை ஒன்றில் சின்ன மடு இருந்தது. அதில் வாளன் என்ற கெண்டை மீனும் அவன் தங்கை மின்னியும் வாழ்ந்தார்கள். அதே மடுவின் அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் அயிரை மீனும் இருந்தது.

வாளன் பெரிய பலசாலி. ஒரே பாய்ச்சலில் மடுவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுவான். அயிரையோ விரல் நீளம்தான். கல்லை விட்டு விலகாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். "அது மீனா, புழுவா?" என்று வாளன் கேலி செய்வான். மின்னியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு நாள் காலை மலைமேல் பேய்மழை கொட்டியது. நடுப்பகலுக்குள் ஓடை செம்மண் நிறமாகிவிட்டது. மடுவின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த மரக்கட்டைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. அவற்றுக்கு அப்பால் அருவி. அருவியின் அடியில் வெறும் பாறை.

"அண்ணா! தண்ணீர் என்னை இழுக்கிறது!" என்று அலறினாள் மின்னி.

"பயப்படாதே! மேலே இருக்கும் பெரிய மடுவுக்குப் போய்விடலாம். என் பின்னால் வா!" என்றான் வாளன்.

பெரிய மடுவுக்குப் போக ஒரே வழிதான். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகலான இடுக்கு. மலையில் பெய்த மழையெல்லாம் அதற்குள் நுழைந்து சீறிக்கொண்டு வந்தது. வாளன் அதன் நடுவில் பாய்ந்தான். வெள்ளம் அவனைத் திருப்பி எறிந்தது. மறுபடி பாய்ந்தான். மறுபடியும் எறிந்தது. மின்னிக்கு மூச்சு வாங்கியது. துடுப்புகள் ஓய்ந்துவிட்டன. பின்னால் இன்னொரு கட்டை பெயர்ந்து அருவியில் விழும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவள் அயிரையைப் பார்த்தாள். இடதுபக்கப் பாறைச் சுவரின் அடியில் அது நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மின்னிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டுவிட்டாள். "அயிரையே! உன்னை மட்டும் வெள்ளம் ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை?"

"நடுவில் ஓடும் தண்ணீர் வேறு, கல்லைத் தொட்டு ஓடும் தண்ணீர் வேறு! கல் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. கல்லுக்கு நெருக்கமாகப் போகப் போக வேகம் குறையும். ஓரமாக வா!"

மின்னி வலதுபக்கச் சுவரைப் பார்த்தாள். அது வழவழவென்று மின்னியது. அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அங்கே வேண்டாம்!" என்று கத்தியது அயிரை. "வழவழப்பான கல்லின் பிடிப்பு குறைவு. மெல்ல ஓடும் தண்ணீர் அங்கே ஓர் இலையின் தடிமன்தான் இருக்கும். உன் உடம்பு அதற்குள் அடங்காது! இந்தப் பக்கம் கல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இங்கே வா!"

மின்னி வந்து வயிற்றைக் கல்லோடு ஒட்டினாள். சட்டென்று இழுப்பு குறைந்தது. ஒரு சாண் தள்ளி வெள்ளம் உறுமிக்கொண்டு ஓடியது. அவளைத் தொட்ட தண்ணீரோ தள்ளாடித் தள்ளாடி நடந்தது.

"அப்பாடா!" என்றாள்.

"அதற்குள் அப்பாடா சொல்லாதே!" என்றது அயிரை. "அடியில் இருக்கும் மணலைப் பார்த்துக்கொண்டே வா. மணல் குபீரென்று கிளம்பினால் உடனே பள்ளத்துக்குள் ஒடுங்கிக்கொள்."

"ஏன்?"

அயிரை பதில் சொல்வதற்குள் மின்னியின் வாயருகே மணல் துள்ளியது. மெல்ல ஓடிக்கொண்டிருந்த அடித்தண்ணீர் சுருண்டு மேலே எழுந்தது. மின்னி ஒரு பள்ளத்துக்குள் புகுந்தாள். மறுகணமே நடுவெள்ளம் கீழே இறங்கி அந்த இடத்தை அறைந்தது. அவள் முதுகில் இரண்டு செதில்கள் பிய்ந்துபோயின. பிறகு அமைதி.

"இப்போது போ!" என்றது அயிரை.

மின்னி திரும்பிப் பார்த்து, "அண்ணா! ஓரமாக வா!" என்று கூவினாள்.

"நான் ஊர்வதா?" என்றான் வாளன். அந்த நேரத்தில் கடைசிக் கட்டையும் முறிந்தது. மடுவே அருவியை நோக்கிச் சாய்ந்தது. வாளன் பாறை ஓரத்துக்குப் பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டான்.

மூவரும் ஏறினார்கள். மணல் எழுந்தது, ஒடுங்கினார்கள். அடி விழுந்து ஓய்ந்தது, நகர்ந்தார்கள். இப்படி மூன்று முறை. இடுக்கின் மேல்முனை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அப்பால் பெரிய மடு அகலமாக, அமைதியாகக் கிடந்தது.

"இவ்வளவுதானா?" என்று சிரித்தான் வாளன். "இங்கே தண்ணீர் தூங்குகிறது! இதற்குப் போய் ஒளிவானேன்?"

மணல் கிளம்பியது.

"ஒடுங்கு!" என்றது அயிரை.

மின்னி ஒடுங்கினாள். "இன்னும் ஒரு பாய்ச்சல்தானே!" என்று வாளன் கல்லை விட்டுக் கிளம்பினான். எழும்பிய தண்ணீர் அவனையும் சேர்த்து மேலே தூக்கியது. தூக்கிய இடத்தில் நடுவெள்ளம் காத்திருந்தது. அவன் வால் ஒருமுறை பளிச்சிட்டது. பிறகு காணோம்.

"அண்ணா!" மின்னி வெளியே வரத் துடித்தாள்.

"வராதே! இப்போது வந்தால் நீயும் போவாய்!"

மின்னி முகத்தைக் கல்லில் அழுத்திக்கொண்டாள். மேலே வெள்ளம் அறைந்தது. அது ஓய்ந்த பிறகும் அவளால் அசைய முடியவில்லை. அயிரை திரும்பி வந்து தன் சின்னத் தலையால் அவளை முட்டியது. இருவரும் மேல்முனையைக் கடந்தார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. மின்னி இடுக்கின் முனைக்கு வந்து வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அருவி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அயிரை அவள் பக்கத்திலேயே இருந்தது.

ஆபத்துக்கு நடுவே பத்திரமான இடம் கிடைத்தாலும், அங்கேயும் கடைசிவரை விழிப்பாக இருப்பவரே பிழைப்பார்.