ஜமீன்தாரும் பதில் பேசும் வான்கோழியும்

மருதக்கோட்டை ஜமீன்தார் சாதாரணமாகப் பேசினாலே ஓடு அதிரும். அவர் வாங்கிவந்த ஆண் வான்கோழிக்கோ, சத்தம் கேட்டால் பதிலுக்குக் கத்தியாக வேண்டும். போன விருந்தில் அவர் அளந்த ஒவ்வொரு பெருமைக்கும் அது கத்த, சம்பந்தி வீட்டார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அதை மேய்ப்பவன் வேலாண்டி. வெளியூரில், மாமியார் வீட்டில் அவனுக்குப் பிறந்த மகள் குப்புற விழவே ஆரம்பித்துவிட்டாளாம். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. அவளுக்கென்று வாங்கிய கிலுகிலுப்பையை ஆட்டி ஆசை தீர்க்கவும் வழியில்லை, வான்கோழி கத்தும். ஊருக்குப் போகணும் என்று ஜமீன்தார் முன்னால் வந்து நின்றான்.

"நாளைக்கு விருந்துல அது என் பக்கத்துல நிக்கணும், வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா, இந்த வருசம் ஊர்ப் பேச்சே எடுக்காதே."

"நீங்க மெதுவாப் பேசினா அதும் கம்முனு இருக்கும் எசமான்."

"நான் வாயை அடக்கணுமாடா?"

"வேண்டாம் எசமான். சம்பந்தி வீட்டார் இன்னொரு தடவை சிரிச்சுட்டுப் போகட்டும்."

மறுநாள் ஜமீன்தார் காதோடு காதாகவே பேசினார். சம்பந்தி, "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார். வான்கோழி தோகை விரித்துச் சும்மா நின்றது. சாப்பாடு முடிந்ததும் வேலாண்டி எல்லார் முன்னாலும் வந்து கும்பிட்டான்.

"உத்தரவு கொடுங்க எசமான். மகளைப் பார்க்கணும்."

இவன் போனால் இதை யார் மேய்ப்பது? மறுத்துக் கர்ஜிக்க வாயைத் திறந்தார் ஜமீன்தார். வான்கோழி கழுத்தை நீட்டி அவரையே பார்த்தது.

"போய்ட்டு வாப்பா," என்றார், பஞ்சு மாதிரி.

வேலாண்டி அப்போதே நடையைக் கட்டினான். பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதைக்கூட இனிமேல் போய்த்தான் கேட்க வேண்டும்.