பிச்சைக்காரி கவுனுக்கு ஜரிகை

"ஜரிகையைப் பிரிக்கச் சொல்றாங்க சாமி. எனக்கு மனசு வரலீங்க."

பூவாத்தா பையிலிருந்து ஒரு கவுனை எடுத்துச் சாமியார் முன்னால் விரித்தாள்.

தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் குடியிருந்த அந்தச் சாமியாருக்குப் பூவாத்தாவைவிட வயது குறைவு. ஒரு குழப்பத்தோடு போனால் இரண்டாக்கி அனுப்புவார் என்று ஊரே அவரைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்த கையோடு அவரிடமே போகும்.

"யாருக்கு இது?"

"எம் மகளுக்குங்க. பள்ளிக்கூட நாடகம், நாளைக்கு. ராணி வாசல்ல வந்து நிக்கற பிச்சைக்காரி வேசம்."

சாமியார் கவுனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

உடுப்பை வீட்டிலேயே தைத்து வரச் சொல்லியிருந்தார்கள். பூவாத்தாவும் ஒழுங்காகப் பழைய வாயில் சேலையை வெட்டித்தான் தைத்தாள். முடித்த பிறகு கை சும்மா இருந்தால்தானே. கழுத்தைச் சுற்றி ஜரிகை வைத்தாள். அது எடுப்பாக இருக்கவே கைக்கும் வைத்தாள். கீழே வரிசை வரிசையாக ஓட்டினாள். குழந்தைகள் கவுன் தைக்கும் பனியன் கம்பெனியில் வேலை, வெட்டி மிஞ்சிய ஜரிகைக்குப் பஞ்சமில்லை. பிச்சைக்காரி ராணியைவிட ஜம்மென்று ஆகிவிட்டாள்.

"டீச்சர் சிரிச்சுட்டாங்க சாமி. இவ இதப் போட்டுட்டு மேடை ஏற மாட்டாளாம். நேத்திருந்து எங்கூடப் பேச்சே இல்லீங்க."

மகள் தாரணி ஒரு தென்னையில் சாய்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமியார் கவுனைத் தடவினார்.

"தோள்ல விட்டுப்போச்சே அம்மணி."

"என்னதுங்க?"

"ஜரிகை. தோள்லயும் வெச்சுத் தை."

பூவாத்தாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரிப்பதா வேண்டாமா என்று கேட்க வந்தவளை இன்னும் தைக்கச் சொல்கிறாரே. கிண்டலா, நிஜமா?

"பிரிக்கறதா இல்லீங்களா, அதச் சொல்லுங்க சாமி."

"தைச்சு முடி, சொல்றேன்."

ஊசி நூலும் மிஞ்சிய ஜரிகையும் பையிலேயே இருந்தன. உட்கார்ந்து தைத்தாள். சாமியார் தன் பக்கம்தான் என்று பாதித் தையலில் சந்தோஷம் வந்தது. மீதித் தையலில் அது போய்விட்டது.

"முடிச்சுட்டேனுங்க."

"வா கண்ணு, போட்டுக்க."

தாரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். சுடிதாருக்கு மேலேயே கவுனை மாட்டினாள். வெயில் பட்டு உடம்பெல்லாம் பளபளத்தது.

"எங்கே, பிச்சை கேளு."

அவள் வாயைத் திறப்பதற்குள் சாமியார் அவள் காலடியில் மண்டியிட்டு இரண்டு கையையும் ஏந்தினார்.

"மகராசி, ஏதாச்சும் போடுங்க தாயி."

தாரணி சிரித்துவிட்டாள். பூவாத்தாவுக்கு அழுகை முட்டியது.

"நீங்களும் கேலி பண்றீங்களா சாமி?"

"பின்னே எதுக்கம்மணி இத்தனை ஜரிகை?"

பூவாத்தா சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"எங்கப்பன் போனப்பறம் கிண்ணத்தைத் தூக்கிட்டு ஊரு வாசல்ல நின்னவ நானு. கஞ்சித் தண்ணிக்கு நின்னேன். எம் புள்ள நாடகத்துலகூட அப்படி நிக்கக் கூடாதுங்க."

தாரணியின் சிரிப்பு நின்றது. இந்தக் கதை அவளுக்குத் தெரியாது.

சாமியார் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். தாரணியைப் பார்த்து, "கழட்டி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடு" என்றார்.

தாரணி திருப்பிப் போட்டாள்.

ஒரு ஜரிகையும் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் முடிச்சு. பிசிறு. நூல் தொங்கியது. ஜரிகையை இழுத்துப் பிடித்துத் தைத்த இடமெல்லாம் துணி சுருங்கி, கந்தலாகக் கிடந்தது. பூவாத்தா விழித்தாள். தான் தைத்ததா இது? பிரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்றே, அப்படியென்றால் பிரிக்க வேண்டாமா? சாமியாரிடம் கேட்கத் திரும்பினாள்.

அவர் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போய்விட்டார்.

தாரணி நேராக அம்மாவிடம் வந்தாள். ஒத்திகையில் கத்துவதுபோல் கத்தவில்லை. தலையைக் குனிந்து, உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.

பூவாத்தாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எதையாவது கொடுத்து அந்தக் கையை மடக்கிவிட வேண்டும். கையில் இருந்தது மிச்ச ஜரிகைதான். அதை அப்படியே மகள் கையில் வைத்தாள்.

தாரணி அதைப் பார்த்தாள். கையை மடக்கவில்லை.

"இது வேண்டாந் தாயி. ஒரு வாய் சோறு."