காயாத காரை

அமிர்தலிங்க சுவாமியின் மோர்ச் சாதத்தில் மறுபடியும் காரை விழுந்தது. ஞானிகளுக்கு எரிச்சல் வராது என்று எழுதிவைத்தவர்கள் சீடர்கள். ஞானிகளைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. சுவாமி இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"திரவியம்!"

திரவியம் ஓடிவந்தார். சுவாமியைவிட வயதில் மூத்த சீடர். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பிமேல் உள்ள கோபத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆடி மாதம் வந்து சேர்ந்தவர். சொத்துப் பிரித்த அன்று, உறவெல்லாம் கூடியிருக்கும்போது, அந்தத் தம்பி சொல்லிவிட்டாராம்: "அண்ணன் எங்களை எங்கே வளர்த்தார்? மார்க் போட்டார்."

அன்றோடு பேச்சு நின்றுபோனது. இப்போது தம்பி மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பத்திரிகை வந்திருந்தது. கோபம் போயிருந்தால் போவது, இல்லாவிட்டால் இல்லை என்று திரவியம் முடிவு செய்திருந்தார்.

"கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீர்தானே கேட்டு வாங்கிக்கொண்டீர்?"

"ஆமாம் சுவாமி. பழைய வீட்டு விரிசல். கொத்தனார் சொன்னபடி, தளர்ந்ததையெல்லாம் தட்டி உதிர்த்தேன். தண்ணீர் தெளித்தேன். சுண்ணாம்பு குழைத்துப் பூசினேன். எத்தனை முறை பூசினாலும் விழுகிறது. சுண்ணாம்பு மட்டம். மணலும் மட்டம். அந்தக் கொத்தனாரும்..."

"கொத்தனார் வேறு என்ன சொன்னார்?"

"தானாகக் காய விடவேண்டுமாம்."

"விட்டீரா?"

"விடாமல் என்ன சுவாமி?"

அன்று மாலையே மறுபடி பூசினார். மறுநாள் விடியும்போது சுவாமி கூடத்துக்கு வந்தார். திரவியம் ஏணி உச்சியில் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, ஈரப் பூச்சில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

பெயர்ந்த துண்டு சுவாமியின் தலையில் விழுந்தது.

"என்ன செய்கிறீர்?"

"காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன், சுவாமி."

"தினமுமா?"

"பார்க்காமல் எப்படித் தெரியும்?"

"அதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தீரே?"

"அது தியானம். தம்பி முகத்தை நினைவுக்குக் கொண்டுவருவேன். அவன் சொன்னதை அவன் குரலிலேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். கோபம் வருகிறதா என்று தெரியவேண்டுமே."

"வருகிறதா?"

"பொங்கிக்கொண்டு வருகிறது!" திரவியம் கட்டைவிரல் சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார். "இத்தனை நாள் இங்கே கிடந்தும் துளி குறையவில்லை. நேற்றைக்கு இன்று அதிகம். அந்தக் குழந்தை பிறந்தபோது முதலில் தூக்கியவன் நான், சுவாமி. அவள் கழுத்தில் தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க முடியாது போலிருக்கிறது. இங்கே சொல்லித்தருவதில்தான் ஏதோ..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லும். சுண்ணாம்பு மட்டம், மணல் மட்டம், கொத்தனார் மட்டம். அடுத்தது நான்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா?"

"இறங்கும்."

திரவியம் இறங்கினார். சுவாமி ஏணியைத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துப் போனார். கிணற்றுக்குள் தள்ளினார். விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. குரு எதைச் செய்தாலும் அதை உபதேசம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது சுவாமிக்குத் தெரியும். இது உபதேசமல்ல. வெறும் எரிச்சல்.

"சுவாமி! இனிமேல் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?"

"நான் அதற்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். போதாதா?"

"பூச்சை விடுங்கள். கோபம்? அது போனதா என்று பார்க்காமல் கல்யாணத்துக்கு எப்படிப் போவேன்?"

சுவாமி தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பத்திரிகையைப் படித்தீரா?"

"படித்தேன். இரண்டு எழுத்துப் பிழை."

"உம் தம்பி என்ன கேட்டிருக்கிறார் அதில்?"

"சுற்றம் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுமாம்."

"கோபம் போன பிறகு வரவும் என்று எங்காவது போட்டிருக்கிறதா?"