மங்கை போட்ட பாட்டு

"டீச்சர், இந்த ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார் வில்வநாதன்.

மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு, முன்பக்கம் பெரிய திருகு. மற்றது வெள்ளி நிறம், திருகே இல்லாமல் வழவழவென்று இருந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். இணையத்தில் எண்களாகக் கிடக்கும் பாட்டை இழுத்து, ஒலியாக மாற்றி, வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். கேட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்துவிட்டிருந்தார். மற்றதை மறுநாள் திருப்பித் தர வேண்டும்.

வில்வநாதன் ஈரோட்டில் பல் மருத்துவர். தில்ஷாத் கோவையில் ஒரு துணிக்கடை மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். வில்வநாதனைவிட வயதில் சின்னவர். எங்கெங்கோ பதிவான பாட்டெல்லாம் வெளியே போகுமுன் கடைசியாக இவர் காதுக்கு வரும். இவர் சரி என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில், கேட்கப் பழக ஆசைப்படுகிறவர்கள் அந்த மாடிப்படி ஏறுவார்கள். அவர்களுக்கு அவர் டீச்சர்.

"இதுக்கு முன்னாடி எதுல கேட்டீங்க?"

"பழைய லேப்டாப்ங்க. ஹெட்போன் மாட்டற ஓட்டையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேரா ஒரு வயர்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒருநாள் நண்பர் ஒருத்தர் வந்தாரு. 'டாக்டர், இதுலயா கேக்கறீங்க?'ன்னாரு."

"அன்னிலிருந்தா?"

"அன்னிலிருந்துதான்."

தில்ஷாத் சிரிக்கவில்லை.

"கூட யார் கேப்பாங்க?"

"மங்கை. என் சம்சாரம்." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்டுக்கிட்டிருந்தா."

"இப்ப?"

"கீழ கார்ல உக்காந்திருக்கா. மேல வரமாட்டேன்னுட்டா."

தில்ஷாத் பெட்டிகளின் வயர்களைப் பிரிக்கத் தொடங்கினார்.

"பாட்டைப் போடுவேன். கொஞ்ச நேரத்துல நிறுத்துவேன். வயரை மாத்திட்டு, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேப்பேன். ஒருநாள், 'கண்ணாடிக் கடையில கண் டெஸ்டுக்கு எழுத்தைப் படிக்கற மாதிரி இருக்குதுங்க'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் அந்த ரூமுக்கே வர்றதில்ல."

தில்ஷாத் இரண்டு பெட்டிகளையும் தன் ஸ்பீக்கர்களோடு இணைத்தார். ஒரு பாட்டைக் கறுப்பில் போட்டார். அதே பாட்டை வெள்ளியில் போட்டார்.

"சொல்லுங்க."

வில்வநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல போட்டதுல ஒரு ஆழம் இருக்கு. வாத்தியமெல்லாம் தள்ளித் தள்ளி நிக்குது. ரெண்டாவதுல மேல்ஸ்தாயி கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தி. ஆனா பாடறவங்களைச் சுத்திக் காத்தோட்டம்..."

"இதை எங்க படிச்சீங்க?"

வில்வநாதன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.



"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க டீச்சர்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நண்பர்களெல்லாம் வித்தியாசம் சொல்றாங்க, நானும் ஆமாங்கறேன். பல்லைக் குடையற மெஷின் சத்தத்துலயே என் ஆயுசு போயிருச்சு. அது என் காதைத் தின்னுருச்சுன்னு நினைக்கறேன். மங்கைகிட்டகூடச் சொல்லல. விலை கூடின பெட்டி வாங்கினா கேக்குமோன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறேன்."

தில்ஷாத் எழுந்து கதவருகே போனார். வில்வநாதனுக்கு முதுகைக் காட்டியபடி, போனிலிருந்து ஸ்பீக்கரில் எதையோ மிகவும் தணித்து ஓடவிட்டார்.

"என்ன கேக்குது?"

"கொலுசு. யாரோ நடந்து வர்றாங்க." கொஞ்சம் கவனித்தார். "ஒரு கால் லேசா இழுத்து வைக்கறாங்க."

"மைக்குக்கு நடந்து வந்த பாடகிக்கு அன்னிக்குக் கால்ல சுளுக்கு. பக்கத்துல இருந்த எனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்."

வில்வநாதன் மேஜைப் பக்கம் திரும்பினார்.

"அப்படீன்னா இந்தப் பெட்டிங்க?"

"எனக்கும் தெரியலங்க."

"என்னது?"

"ரெண்டுக்கும் வித்தியாசம். எனக்கும் தெரியல."

வில்வநாதனுக்கு முதலில் கோபம்போல ஏதோ வந்தது. அது சிரிப்பாக மாறி வெளியே வந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சட்டைக் காலர் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"சரி, அப்ப எதைங்க வாங்கறது?"

"கீழ போய் அவங்களை வரச்சொல்லுங்க. நீங்க உள்ள வரவேண்டாம்."

மங்கை வந்தாள். முகத்தில் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை. அவள் உள்ளே போனதும், கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டு, "பிடிச்ச பாட்டு ஏதாச்சும் போட்டுக் கேளுங்கம்மா, டீ போட்டுட்டு வர்றேன்" என்று தில்ஷாத் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

வில்வநாதன் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு 'டிங்'. பிறகு, "பாஸ்வேர்டா? இதுக்கு நான் எங்க போறது?" என்ற மங்கையின் குரல். எழுந்துபோய்ச் சொல்லிக்கொடுக்கக் கால் பரபரத்தது. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து தில்ஷாத் அதைச் சொல்வது கேட்டது.

திருகு ஒன்று திரும்பும் 'கடக்' ஒலி.

பாட்டு வந்தது.

கல்யாணமான புதிதில் இருவரும் விரும்பிக் கேட்ட பாட்டு. வெள்ளிப் பெட்டியிலும் கறுப்புப் பெட்டியிலும் இதற்கு முந்தைய பெட்டிகளிலும் அவர் அதைத்தான் போட்டுப் பார்த்திருந்தார். பல்லவி தாண்டிப் போகவிட்டதில்லை. இப்போது அது பல்லவியைத் தாண்டியது. வயலின் வந்தது. சரணம் வந்தது. நிறுத்த ஆளில்லாமல் பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி வரிக்கு முன்னால் பாடுகிறவள் ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

இது எப்போதிருந்து இதில் இருக்கிறது?

பாட்டோடு இன்னொரு குரலும் சேர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். உள்ளே மங்கை கூடவே முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. அவள் இன்னொன்று போட்டாள்.

வில்வநாதனால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மங்கை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் கால்களை மடக்கி வைத்திருந்தாள்.

"மங்கை, இதுல சத்தம் எப்படி..."

அவள் கண்ணைத் திறக்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.

"பாட்டு ஓடுதுங்க. உக்காருங்க."