செண்பகம் குடித்த ஒரு குடம் தண்ணீர்

வெள்ளியங்கிரி ராஜாவின் ஊரில் அந்தக் கோடைக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்தான். அரண்மனை முற்றத்தில் செப்பு அண்டாவில் வளர்ந்த செண்பகத்துக்கும் தினம் ஒரு குடம். ராஜாவின் செல்ல மரமாயிற்றே! ஊற்றுகிறவள் தோட்டக்காரி பூவாயி.

பிரதானி சூடாமணிப் பிள்ளைக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் சபையில் எழுந்துவிட்டார்.

"மகாராஜா, மூன்று மாதமாகத் தினம் ஒரு குடம். அண்டாவில் அடங்குமா? ஒரு சொட்டு ஒழுகவில்லை. மரமும் ஒரு சாண்தான் வளர்ந்திருக்கிறது. மிச்சத் தண்ணீர் எங்கே? இவள் விற்றுத் தின்கிறாள்!"

பூவாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஊத்தினது நெசம் சாமி. எங்க போச்சுன்னு எனக்கும் தெரியல. நான் எடுக்கல."

"பின்னே, இறக்கை முளைத்துப் பறந்ததோ?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணீரை அனுபவித்தவர் யாராயிருந்தாலும் இருபது கசையடி!"

யாராயிருந்தாலும் என்றுதான் சொன்னார். எல்லோரும் பூவாயியைத்தான் பார்த்தார்கள். பழிக்குக் குடம் சுமக்கிற தலை என்றால் ஏறி உட்கார வசதி.

வாய்க்கொழுப்புக்கே சம்பளம் வாங்கும் அரண்மனை விகடகவி உத்தண்டி எழுந்தான். "அடியை நாளைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள், மகாராஜா. ஒரு பகல் மரத்துக்குப் பிரதானியே காவல் இருக்கட்டும். அவரைவிட யோக்கியர் யார்?"

பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. "இருக்கிறேன்!"

மறுநாள் காலை பூவாயி ஒரு குடம் ஊற்றினாள். அண்டாவின் வாயைத் தண்டோடு சேர்த்து மாட்டுத்தோலால் இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளை தன் மோதிரத்தால் அரக்கு முத்திரை வைத்தார். துலாபாரத் தராசில் ஒரு தட்டில் அண்டா, மறு தட்டில் கருங்கல். முள் நேராக நின்றது. உத்தண்டி ஒரு கொத்து இலையைக் கிளையோடு இருந்தபடியே சீமைக் கண்ணாடிக் குடுவைக்குள் நுழைத்து, வாயைத் துணியால் அடைத்தான்.

"இது எதற்கடா?"

"மரத்துக்குக் கண் பட்டுவிடக் கூடாதே, பிள்ளைவாள்."

பிள்ளை மோர் குடிக்கக்கூட எழவில்லை. சாயங்காலம் ராஜா வந்து பார்த்தால், அண்டாத் தட்டு மேலே ஏறி நிற்கிறது. முக்கால் குடம் எடை குறைவு!

"பிள்ளை! தண்ணீர் எங்கே?"

"முத்திரை அப்படியே இருக்கிறது, மகாராஜா! ஒரு ஈ வரவில்லை! எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. சத்தியமாக நான் எடுக்கவில்லை!"

"நேற்று பூவாயியும் இதையேதான் சொன்னாள்," என்றான் உத்தண்டி. "அவள் சொன்னால் பொய், பிரதானி சொன்னால் மெய்யா? இல்லை, ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறீர்களா?"

பிள்ளை தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"விளையாடாதே. திருடன் யார்?" என்றார் ராஜா.

உத்தண்டி குடுவையைக் கழற்றி நீட்டினான். உள்ளே முத்து முத்தாக நீர். அடியில் ஒரு மடக்குத் தேறும்.

"இலையின் அடிப்பக்கத்தில் ஊசிமுனையைவிடச் சின்ன வாய்கள், மகாராஜா. காற்றைத் தின்ன மரம் அவற்றைத் திறக்கிறது. திறந்தால், வேர் குடித்த தண்ணீர் அந்த வழியே ஆவியாகப் போய்விடுகிறது. நாள்பூரா வாய் திறந்து பேசும் பிரதானிக்குத் தொண்டை வறள்வதில்லையா?"

"அந்த வாய்களை அடைத்துவிட்டால்?"

"தண்ணீர் மிஞ்சும். மரம் பட்டினியில் சாகும்."

ராஜா பெருமூச்சு விட்டார். "பூவாயி, உன்மேல் குற்றமில்லை. இனி உன் வீட்டுக்கு இரண்டு குடம்." பூவாயி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "ஆனால் உத்தண்டி, சொன்ன சொல் சொல்தான். அனுபவித்தவருக்கு இருபது அடி. மரத்தையா அடிப்பது?"

"மரம் எங்கே அனுபவித்தது? குடித்ததையெல்லாம் வெளியே விட்டுவிட்டதே! அந்த ஈரம் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. மரத்தடி அதனால்தான் குளுகுளுவென்று இருக்கிறது. ஊரே வெந்தபோது, தினம் மத்தியானம் அந்தக் குளிரில் கட்டில் போட்டுக் குறட்டை விட்டவர் ஒருவர் உண்டு. பெயரைச் சொல்லட்டுமா?"

ராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி அவனிடம் வீசினார்.

"பிடி! முதலில் வாயை மூடு. நீ அதைத் திறந்தால் என் மானம் ஆவியாகப் போய்விடும்!"