ஒரே கயிற்றில் காற்றும் வெளிச்சமும்

உங்கள் வீட்டில் விசிறிக்கு ஒரு சுவிட்சு, விளக்குக்கு ஒரு சுவிட்சு. வெளிச்சத்தை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கலாம். காற்றை நிறுத்திவிட்டுப் படிக்கலாம். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். வெள்ளியங்கோட்டை ராஜா சொக்கேந்திர ராயரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ராயர் நல்லவர்தான். ஆனால் தனக்குத் தெரியாத வேலையே உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு. கோடைக்காலம் வந்ததும் சபையை மாலைக்கு மாற்றினார். சபை மண்டபத்தில் உத்தரத்திலிருந்து நீளமாக ஒரு துணி விசிறி தொங்கும். சடையாண்டி என்ற காவல்காரன் மூலையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் அது ஆடும், காற்று வரும். ராயர் அதை அண்ணாந்து பார்த்தார். மூளை வேலை செய்தது.

"விசிறிக்கு ஓர் இடம், விளக்குக்கு ஓர் இடம் எதற்கு? விளக்கை விசிறியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். காற்றும் வரும், வெளிச்சமும் வரும்!"

"ஆஹா! தேவலோகத்தில்கூட இல்லையே இது!" என்றார் அமைச்சர் எல்லப்பர். ராஜா தும்மினாலும் பாராட்டுகிற மனிதர் அவர்.

அன்று மாலை விசிறி ஆடியது. விளக்கும் ஆடியது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக எல்லப்பரின் பட்டுத் தலைப்பாகையில் விழுந்தது. "மன்னர் அருள் சொட்டுகிறது" என்று துடைத்துக்கொண்டார். அடுத்த வீச்சில் விளக்கு அணைந்தது. சபையில் விளக்கு அணைந்தால் அபசகுனம். சபை கலைந்தது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே. வழக்கு சொல்ல வந்தவர்கள் வாசலிலேயே சோறு பொங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள்.

ராயருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் யோசனை மேல் வருமா? சடையாண்டி மேல் வந்தது.

"இவனுக்கு இழுக்கத் தெரியவில்லை! நாளைக்கும் சபை பாதியில் நின்றுபோனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இவனை நாட்டைவிட்டுத் துரத்துங்கள்!"

"மகாராஜா, மெதுவா இழுத்தா காத்து வரலேன்னு அடிக்க வராங்க. வேகமா இழுத்தா விளக்கு நிக்கலே. நான் என்ன சாமி செய்வேன்?" என்று சடையாண்டி அழுதான். ராஜாவின் யோசனை தப்பு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்போது வாஞ்சியப்பர் எழுந்தார். ராயரைச் சிரிக்க வைப்பதற்காகவே சபையில் சம்பளம் வாங்குகிறவர்.

"அரசே, அணைந்தால் அணையட்டும். உடனே ஏற்றிவிட்டால் அபசகுனம் ஏது? நாளைக்கு ஏற்றுகிற வேலையை எனக்குக் கொடுங்கள். காற்று குறையாமல், வெளிச்சம் போகாமல் சபையை நடத்தி வைக்கிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் எல்லப்பர் ஆசையாக.

"சடையாண்டி மூட்டையோடு என் மூட்டையும் போகும்."

எல்லப்பருக்கு அன்று இரவு சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

மறுநாள் சபை கூடியது. ஆடு காணாமல் போன ஒரு கிழவர் முன்னால் வந்தார். "மகாராஜா, என் ஆட்டை..."

விளக்கு அணைந்தது. வாஞ்சியப்பர் பந்தத்தோடு ஓடி வந்து ஏற்றினார். ஏற்றிவிட்டு உரக்கச் சொன்னார்: "விளக்கு வைத்தாயிற்று! எல்லோரும் எழுந்து கும்பிடுங்கள்!"

விளக்கு வைத்தால் எழுந்து கும்பிடுவது நம் எல்லோர் வீட்டு வழக்கம்தானே. வெள்ளியங்கோட்டையில் ராஜாவுக்கும் அதிலிருந்து விலக்கு கிடையாது. ராயர் பக்தியோடு எழுந்தார். கும்பிட்டார். உட்கார்ந்தார்.

"மகாராஜா, என் ஆட்டை..."

அணைந்தது.

"விளக்கு வைத்தாயிற்று! எழுந்திருங்கள்!"

எழுந்தார்கள். உட்கார்ந்தார்கள். கிழவரால் ஆட்டைத் தாண்டிப் போகவே முடியவில்லை. ராயருக்கோ வாதம் பிடித்த முழங்கால். கையை ஊன்றி எழுவதும், பல்லைக் கடித்து உட்காருவதுமாக இருந்தார். எல்லப்பர் ஒரு தடவை எழாமல் இருந்து பார்த்தார்.

"அமைச்சரே, லட்சுமி வந்து நிற்கிறாள். நீர் உட்கார்ந்திருக்கிறீரே!" என்றார் வாஞ்சியப்பர்.

நாம் மட்டும் எழுவதா என்று ராயர் முறைத்தார். எல்லப்பர் துள்ளி எழுந்தார்.

"சடையாண்டி, கொஞ்சம் மெதுவாக இழுடா!" என்று ராயர் கெஞ்சினார்.

"கூடாது அரசே! காற்று குறையக்கூடாது என்பது பந்தயம்" என்றார் வாஞ்சியப்பர். "நீ இழு சடையாண்டி!"

சடையாண்டி இழுத்தான். அணைந்தது. ஏற்றினார். "விளக்கு வைத்தா..."

"நிறுத்து!" ராயர் பாதி எழுந்தபடி, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அலறினார். "கழற்று அந்த விளக்கை! கொண்டுபோய்த் தூணில் மாட்டு! விசிறி தனியாக ஆடட்டும், விளக்கு தனியாக எரியட்டும்!"

"ஆஹா! தேவலோகத்தில்கூட..." என்று ஆரம்பித்தார் எல்லப்பர்.

"நீர் உட்காரும்!"

அந்த உத்தரவை எல்லப்பர் போல் சந்தோஷமாக யாரும் நிறைவேற்றியதில்லை.

விளக்கு தூணுக்குப் போனது. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. சுடர் அசையவில்லை. கிழவர் ஆட்டுக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு ராயர் வாஞ்சியப்பரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இரண்டும் சேராது என்று உனக்கு முதல் நாளே தெரியும், அப்படித்தானே? வாயைத் திறந்து சொன்னால் என்ன?"

"அரசே, தாங்கள் செய்ததைக் குறை சொல்லும் துணிச்சல் இந்தச் சபையில் எங்கள் யாருக்கும் இல்லை. தங்கள் முழங்காலுக்குத்தான் இருந்தது. அதனால் அதனிடம் மனு கொடுத்தேன்."

ராயர் முழங்காலைத் தடவிக்கொண்டார். உதடு துடித்தது. பிறகு மண்டபமே அதிரச் சிரித்தார்.

"மனு ஏற்கப்பட்டது! சடையாண்டி இங்கேயே இருக்கட்டும். உனக்குப் பட்டும் பொன்னாடையும் தருகிறேன், வாஞ்சியப்பா. ஆனால் நீயே வந்து வாங்கிக்கொள். இன்றைக்கு இனி நான் எழுந்திருப்பதாக இல்லை!"