மன்னரின் ஆள்காட்டி விரல்

எந்த நாடு, எந்தக் காலம் என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்த அரண்மனையில் ஒரு தொடுதிரை இருந்தது, அவ்வளவுதான். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் மன்னர் செண்பகவழுதிக்குக் கொடுத்த பரிசு அது. கதவளவு கண்ணாடி. விரலால் தொட்டால் வண்ணம் வரும். அழுத்தி இழுத்தால் கோடு தடிக்கும். பிசகினால் உள்ளங்கையால் துடைத்துவிடலாம்.

அதைப் பார்த்ததும் அரசவைச் சித்திரக்காரி அல்லியங்கோதைக்குக் கை பரபரத்தது. அமைச்சர் வில்லவராயருக்கோ வயிறு எரிந்தது. அவள் பதவியைத் தம் மருமகனுக்கு வாங்கித்தர வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

"மன்னா, கண்டவர் விரல் பட்டால் கண்ணாடி என்னாவது? தங்கள் விரலைத் தவிர வேறெந்த விரலும் அதைத் தொடக்கூடாது என்று ஆணையிடுங்கள்" என்றார்.

மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆணையிட்டுவிட்டார்.

உடனே அமைச்சர் அடுத்த காயை நகர்த்தினார். "இன்று அரசியாரின் பிறந்தநாள். அவர் படத்தை அல்லி இந்தத் திரையில் வரையட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

"நல்ல யோசனை!" என்றார் மன்னர், யோசிக்காமலே.

அல்லி யோசித்தாள். தொடாமல் எப்படி வரைவது? மெல்ல நிமிர்ந்து மன்னரின் கையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வரைகிறேன் அரசே. ஒரு தூரிகை மட்டும் வேண்டும்."

"எது வேண்டுமோ எடுத்துக்கொள்."

அவள் மன்னரின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள்.

"என்ன துணிச்சல்!" என்று துள்ளினார் அமைச்சர்.

"ஆணை திரைக்குத்தானே ஐயா? மன்னருக்கு இல்லையே!"

மன்னர் சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தார். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. தோள் கடுத்தது. மூக்கு அரித்தது.

"அல்லி, கொஞ்சம் சொறிந்துகொள்ளட்டுமா?"

"தூரிகை பேசக்கூடாது அரசே. அரசியாரின் புருவம் கோணிவிடும்."

ஒருவழியாகப் படம் முடிந்தது. அரசி வந்து பார்த்து மலர்ந்துபோனாள். "அடடா! யார் வரைந்தது?"

அமைச்சர் முந்திக்கொண்டார். "மன்னரின் விரல், தாயே! இவள் திரையைத் தொடவே இல்லை. எனவே இவள் தோற்றாள்."

"அமைச்சர் சொல்வது சரிதான்" என்று வணங்கினாள் அல்லி. "இனி மன்னரே அரசவைச் சித்திரக்காரர். அரசியாரின் தோழிகள் எல்லாரும் தங்களையும் வரையச் சொல்லி வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே அனுப்பட்டுமா அரசே?"

மன்னர் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஆணை ரத்து! அல்லி தொடட்டும்! தோழிகளையும் அவளே வரையட்டும்! வில்லவராயரே, நீர் வந்து என் தோளைப் பிடித்துவிடும்!"